டேபிளைப் பிரிச்சா வேகம் கூடுமா?

கேள்வி: எங்க ஆர்டர் டேபிள்ல அஞ்சு வருஷ டேட்டா, கிட்டத்தட்ட 30 கோடி ரோ இருக்கு, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்தான். மாசத்துக்கு ஒரு பார்ட்டிஷன்னு, அதாவது தனித்தனித் துண்டா, பிரிச்சா பறக்கும்னாங்க, பிரிச்சோம். இப்ப கஸ்டமர் ஐடி போட்டுத் தேடினா முன்னைவிட ஸ்லோ. ஏன் சார்?

பதில்: பிரிச்சது தேதியை வச்சு, தேடுறது கஸ்டமர் ஐடியை வச்சு, அந்தக் கஸ்டமர் எந்தெந்த மாசத்துல வாங்கினார்னு டேட்டாபேஸுக்கு எப்படிங்க தெரியும், அதனால 60 பார்ட்டிஷனோட இண்டெக்ஸையும் (எந்த ரோ எங்க இருக்குன்னு காட்டுற அட்டவணை) ஒண்ணுவிடாம இறங்கிப் பாத்துட்டு வருது. 30 கோடி ரோன்னாலும் மரம் மாதிரி கிளைவிடுற பி-ட்ரீ இண்டெக்ஸ் நாலஞ்சு லெவல்தான் இருக்கும், பிரிச்சதுல மிஞ்சிப்போனா ஒரு லெவல் குறையும், அதுக்கு 60 தடவை இறங்குறது நஷ்டம்தானே!

குவெரியில, அதாவது தேடச் சொல்லி எழுதுற கட்டளையில, தேதியையும் சேருங்க, தேவையில்லாத பார்ட்டிஷனை அதுவே ஒதுக்கிடும். ஆனா தேதி ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு கம்பேர் பண்ணினா ஒதுக்காது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள்ளன்னு நேரா எழுதணும். குவெரிக்கு முன்னாடி எக்ஸ்பிளெயின்னு போட்டுப் பாருங்க, எத்தனை பார்ட்டிஷனைத் தொடுதுன்னு தெரிஞ்சிடும்.

பார்ட்டிஷனோட நிஜமான லாபம் பழைய டேட்டாவைத் தூக்குறதுலதான். கோடிக்கணக்கான ரோவை டிலீட் பண்ணினா செத்த ரோ அப்படியே கிடக்கும், வேக்யூம்ங்கிற துப்புரவு வேலை வந்து கூட்டணும், அதுக்குள்ள டிஸ்க் மூச்சு வாங்கும். அதுவே ஒரு மாச பார்ட்டிஷனை டிராப் பண்ணினா நொடியில முடிஞ்சது. ஒரே விஷயம், டிராப் மெயின் டேபிளையும் லாக் பண்ணும், அது முடியுறவரை மத்த குவெரி காத்துக்கிடக்கும், வெர்ஷன் 14 இல்ல அதுக்கு மேலன்னா முதல்ல டிடாச் கன்கரன்ட்லி போட்டு, மத்த குவெரியை நிறுத்தாம கழட்டிட்டு அப்புறம் டிராப் பண்ணுங்க.

பழசை அழிக்கப்போறதே இல்லையா? அப்ப பேசாம பழையபடி ஒரே டேபிளா மாத்திடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. கஸ்டமர் ஐடியில ஹேஷ் பார்ட்டிஷன் (ஐடியை வச்சு ஒரு கணக்கு போட்டுப் பிரிக்கிறது) போட்டா ஒரே பார்ட்டிஷன்ல தேடும்தான், ஆனா மாசக்கணக்குல தூக்குற வசதி போயிடும்.

நாளுக்கு ஒண்ணுன்னு பிரிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, வேணாம், பார்ட்டிஷன் ஆயிரக்கணக்குல போனா பல குவெரிக்கு பிளான் போடவே நேரமும் மெமரியும் கரையும். ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டுற பிரைமரி கீயிலயும் தேதி சேந்தாகணும், அதனால ஆர்டர் ஐடி மட்டும் யுனிக்கா இருக்கான்னு டேட்டாபேஸ் பாத்துக்காது, அது உங்க பொறுப்பு. அப்புறம் தானா ஓடுற ஆட்டோவேக்யூம் தனித்தனி பார்ட்டிஷனுக்குத்தான் அனலைஸ் பண்ணும் (பிளான் போடத் தேவையான புள்ளிவிவரம் எடுக்கும்), மெயின் டேபிளுக்கு நீங்கதான் அப்பப்ப ஓட்டணும்.