தந்தி வேகத்தை மட்டுமா கூட்டியது?

தந்தி பற்றிய உங்கள் கட்டுரை ஒரு கேள்வியில் சிக்கி நிற்கிறதா? அமெரிக்காவின் சிகாகோ தானியச் சந்தையைப் பிடியுங்கள். "தந்தி வேகத்தைக் கூட்டியது சரி, எதிர்காலம் பற்றிய எண்ணத்தை எப்படி மாற்றியது?" என்ற அந்தக் கேள்விக்கு அங்கேதான் பதில்.

தந்திக்கு முன் வியாபாரி பிழைத்தது ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசத்தில். சேதி போய்ச் சேருவதற்குள் இங்கே வாங்கி அங்கே விற்றுவிடலாம். 1848-இல் சிகாகோவுக்குத் தந்தி வந்தது. வெளியூர் விலை உடனுக்குடன் தெரிய ஆரம்பித்ததும் அந்த வித்தியாசம் சுருங்கியது. மிஞ்சிய புதிர் நாளைய விலை. அதே 1848-இல் தொடங்கிய சிகாகோ வர்த்தக வாரியம் 1865-இல் முன்பேர ஒப்பந்தங்களை, அதாவது பின்னொரு நாளில் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசி வைப்பதை, ஒரே வரைமுறைக்குள் கொண்டுவந்தது. கண்ணில் படாத கோதுமை கைமாறியது!

நீங்கள் சிக்கியதற்குக் காரணம், தந்தியில் என்ன சேதி போனது என்பதையே பார்ப்பதாக இருக்கலாம். ஒரு சோதனை: கட்டுரையில் 'தந்தி'யை எடுத்துவிட்டு 'ரயில்' என்று போட்டுப் படியுங்கள். வாதம் அப்படியே நின்றால், தந்திக்கே உரியதை இன்னும் தொடவில்லை.

தந்திதான் முன்பேர வியாபாரத்தைப் பெற்றெடுத்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஜப்பானில், ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தையில் இத்தகைய வியாபாரத்துக்கு 1730-லேயே அரசு அனுமதி கிடைத்துவிட்டது, கம்பியே இல்லாத காலத்தில். சிகாகோவிலும் ரயிலுக்கும் தானியக் கிடங்குகளுக்கும் பங்கு உண்டு.