டிரெய்லர் வாலில் சைக்கிள் மாட்டலாமா?

கேள்வி: குடகு போய்வர, காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகும் சின்ன கேரவன் டிரெய்லர் வாங்கியிருக்கிறோம். பிள்ளைகளின் சைக்கிள்களை அதன் பின்பக்கம் ஸ்டாண்டு போட்டு மாட்டலாமா சார்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம் அம்மா. கார் பின்னால் போடும் ஸ்டாண்டு டிரெய்லருக்கு ஒத்துவராது. வேகத்தடை ஏறி இறங்கும்போது அதன் வால்முனைதான் அதிகமாகத் தூக்கிப் போடும். அந்த ஆட்டத்தில் பம்பர் வெல்டிங்கில் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். பெயின்ட் அதை மறைத்துவிடும்; துரு கசிந்த பிறகுதான் கண்ணில் படும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லும் கணக்கு. பின்னால் பாரம் ஏற ஏற கொக்கியில் எடை குறையும். வேகம் பிடித்தால் டிரெய்லர் இடமும் வலமும் அலைந்து காரையும் சேர்த்து இழுக்கும். காருக்குள் பிள்ளைகள் இருக்கிறார்களே!

சரி, சைக்கிளை என்ன செய்வது? கார் கூரையில் கேரியர் போட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் முன்சக்கரத்தைக் கழற்றி, டிரெய்லருக்குள் சக்கர அச்சுக்கு நேர் மேலே தரையில் படுக்க வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். செயின் பக்கம் மேலே இருக்கட்டும். அப்புறம், பெடலுக்குப் பழைய துணி சுற்ற மறக்காதீர்கள்.