துறைமுகம் இல்லாத கரை – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் பர்கூரில் ஒரு கிரானைட் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கற்கள் சென்னைத் துறைமுகம் வழியாகவும் வெளிநாடு போகின்றன. சென்ற மாதம் ஒரு லோடு தொடர்பான காகிதங்களோடு முதன்முறையாக அங்கே போனேன். இயற்கைத் துறைமுகம் இருந்ததால்தான் ஆங்கிலேயர் சென்னையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று போட்டித் தேர்வுக்கான குறிப்பேடு ஒன்றில் படித்திருந்தேன். நேரில் பார்த்தால் குடாவும் இல்லை, வளைவும் இல்லை. நேராக நீண்டு கிடக்கும் கரைதான் தெரிந்தது. அப்படியானால் அந்த இடத்தில் ஏன் ஊர் அமைத்தார்கள்?

– வாசகர், பர்கூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்ணால் கண்டதே சரி. குறிப்பேட்டில் இருப்பது தவறு. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1639-இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து அந்த மணற்கரைக்கு உரிமை பெற்றபோது அவர் தேடியது கப்பல் நிறுத்தும் இடத்தை அன்று, துணியை. அப்பகுதியில் துணி மலிவாகக் கிடைத்தது. கோட்டை கட்டிக்கொள்ள நாயக்கர் இசைந்தார். இந்த இரண்டுக்காகக் கொந்தளிக்கும் கடலைப் பொறுத்துக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தார்கள்.

அதன் விலையை 200 ஆண்டுகளுக்கும் மேலாக நம் மீனவர்களே உடல் உழைப்பால் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரமிடும். அங்கிருந்து சரக்கும் மனிதரும் மசூலா படகுகளில்தான் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வந்தாக வேண்டும். அந்தப் படகில் ஓர் ஆணி கூடக் கிடையாது. மாமரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் நாரைத் திணித்திருப்பார்கள். ஆணியடித்த விறைப்பான படகு மணலில் மோதினால் பிளந்துவிடும்; தைத்த படகோ மோதும்போது நெளிந்து கொடுத்து, அடுத்த அலையோடு மேலே ஏறிவிடும். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கம்பெனியின் கைக்கு மாறியபோது இங்கே வந்து, நம் தர்மபுரியில் தங்கி நிலவரிப் பணி பார்த்த தாமஸ் மன்றோ, 1820-இல் சென்னையின் ஆளுநரானார். அவர் காலத்திலும் அங்கே கப்பலிலிருந்து கரையேற அந்தப் படகுகளையே நம்ப வேண்டியிருந்தது.

1861-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டினார்கள். புயல்கள் அதைச் சிதைத்தன. 1876-இல் அலைகளைத் தடுக்கக் கடலுக்குள் கை நீட்டியதுபோல் இரண்டு கற்சுவர்களை, அதாவது கற்கரங்களை, கட்டத் தொடங்கினார்கள். பணி நிறைவை நெருங்கிய 1881 நவம்பரில் அடித்த புயலில் அவற்றின் பெரும்பகுதி தகர்ந்து போனது. மறுபடியும் கட்டினார்கள். ஆனால் கிழக்கு நோக்கி வைத்திருந்த வாயில் வழியாக அலையும் மணலும் உள்ளே புகுந்துகொண்டே இருந்தன. 1904-இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயிலைத் திறக்கச் செய்த பிறகே அது கப்பல்கள் நிம்மதியாக நிற்கக்கூடிய துறைமுகமாயிற்று. நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார் கணித மேதை ராமானுஜன். அவர் கேம்பிரிட்ஜ் செல்வதற்குத் துணை நின்றவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கற்கரம் எழுந்ததும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. நாம் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினாவின் அகலம் அப்படித் தேங்கிய மணல்தான். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்து, மீனவர் குடியிருப்புகளை விழுங்கியது. மெரினாவின் அழகைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வடசென்னையின் இந்த இழப்பையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறை லோடோடு போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, காசிமேட்டைத் தாண்டி வடக்கே கரையோரமாகப் போய்ப் பாருங்கள். கடலைத் தடுப்பதற்காகக் கருங்கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். எங்கோ ஒரு குவாரியில் உடைத்த கற்கள்தான் அவை. கல் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அவற்றின் எடையும் அவற்றை அங்கே கொண்டு சேர்த்த கூலியும் பார்த்த மாத்திரத்தில் புரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து