சேலைன் ஏற்றாமல் விட்டது பிழையா?

வணக்கம் ஐயா,

அம்மா போய் நாலு மாதம். குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை, வீட்டில் வைத்து நோவில்லாமல் பாருங்கள் என்று டொக்டர் மோர்பின் மாத்திரை தந்து துண்டு வெட்டிவிட்டார். அண்ணாமார் இருவர், ஒருவர் கனடா, மற்றவர் லண்டன். "கொழும்புக்குக் கொண்டு போ, காசு எவ்வளவெண்டாலும் தாறம்" என்றார்கள். அம்மா "நான் ஒரு இடமும் வரேல்லை" என்று சொல்லிவிட்டார். நான் கொண்டு போகவில்லை. கடைசி நாட்களில் அவருக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர் சேலைன் வேண்டாம் என்றார். அந்தியேட்டிக்கு வந்த சின்னண்ணா எல்லாருக்கும் முன்னால், "பட்டினி போட்டு, போதை மருந்து குடுத்து அம்மாவை அனுப்பிப்போட்டாய்" என்றார். நான் செய்தது பிழையா?

எனக்கு 54 வயது, கலியாணம் செய்யவில்லை. எனக்கு இந்த நிலை வரும்போது மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிடும் என்கிறார்கள். உண்மையா? இன்னொன்று, மாத்திரை மிச்சம் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ஐயா முழங்கால் நோவுக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ப., கொக்குவில்

அன்புள்ள ப.,

பிழை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

உடம்பு ஓயும் காலத்தில் பசியும் தாகமும் தானாகவே குறைந்து போகும். சாப்பாடு இறங்காததால் சாவு வருவதில்லை. சாவு கிட்ட வந்ததால்தான் சாப்பாடு இறங்குவதில்லை. சிறுநீரகமும் இருதயமும் களைத்த பிறகு ஏற்றுகிற சேலைனுக்குப் போக இடமில்லை. காலிலும் கையிலும் வீக்கமாக நிற்கும், நெஞ்சில் சளியாகச் சேர்ந்து மூச்சோடு கரகரக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பது எப்படி என்று இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் உண்மையான தொல்லை வாய் உலர்வது. நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி துடைத்து, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் அது அடங்கும். நீங்கள் செய்திருப்பீர்கள். ஆனால் எங்கள் ஊரில் சேலைன் மருந்து என்பதைவிட ஒரு மரியாதை. கட்டிலுக்கு மேலே போத்தல் தொங்கினால்தான் பார்க்க வருகிற சனத்துக்குத் திருப்தி.

மோர்பின் கதையும் இப்படித்தான். "மோர்பின் துடங்கினால் ஆள் முடிஞ்சுது" என்று கிளினிக் வாங்கிலேயே பேசிக்கொள்வார்கள். ஆள் முடிகிற கட்டம் வரும்வரை அதைத் தொடங்காமல் வைத்திருந்ததால் அதற்கு ஒட்டிய பெயர் அது. புற்றுநோய் நோவுக்குப் பரசிற்றமோலில் தொடங்கி, அடங்காவிட்டால் படிப்படியாக மோர்பின் வரை போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழிமுறை எழுதிவிட்டது. வாயால் கொடுக்க வேண்டும், நேரந்தவறாமல் கொடுக்க வேண்டும், நோவு வந்து கத்தும்வரை காத்திருக்கக் கூடாது. சாதாரண மாத்திரையென்றால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சிறிய அளவில் தொடங்கி நோவுக்கேற்பக் கூட்டுவார்கள். அப்படி அளவறிந்து கூட்டினால் அது மூச்சை அடக்குவது மிக அரிது. அநேகமாக எல்லாருக்கும் வருகிற தொல்லை மலச்சிக்கல்தான், அதற்குக் கூடவே மருந்து வேண்டும். முதல் சில நாள் நித்திரை தூக்கலாக இருக்கும். கிழமைக்கணக்கில் நோவோடு விழித்துக் கிடந்த மனுசி ஒருநாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினால், வைபரில் பார்க்கிறவருக்கு அது மயக்கமாகத் தெரிகிறது.

இனி உங்கள் அண்ணா. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தூரத்தில் இருப்பவருக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் காசு அனுப்புவது. அதை வேண்டாம் என்றால் மகன் என்கிற இடமே பறிபோனதுபோல் அவருக்கு இருக்கும். ஆனாலும் ஒரு விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வருத்தக்காரர் சொன்னதுதான் முதல் சொல். அவர் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டால், அவரைத் திருப்பிப் படுக்கவிட்டு, படுக்கைப் புண் வராமல் முதுகைத் துடைத்தவருடைய சொல். மற்ற எல்லாரும் யோசனை சொல்லலாம். கொழும்புக்குக் கொண்டு போயிருந்தால் அந்த நிலையில் நாநூறு கிலோமீற்றர் குலுங்கிப் போய், ஐசியுவில் குழாய்களோடு, ஒருநாளில் கொஞ்ச நேரம் மட்டும் உங்களைப் பார்த்துவிட்டு அம்மா போயிருப்பார். காசும் கரைந்திருக்கும்.

உங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள் பாருங்கள், அதுவே இங்கே பெரிய காரியம். பல வீடுகளில் வருத்தத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்" என்று வாசலில் மறித்து நிற்பார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற தெல்லிப்பழைக்குப் போ என்று சொன்னாலே இங்கே எந்த ஆச்சிக்கும் விளங்கிவிடும் என்பது வேறு விசயம். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் அங்கே எழுந்த புற்றுநோய்க் கட்டடத்தை அறியாத ஆள் இங்கே குறைவு. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று அம்மா நடிப்பார், அம்மாவுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நடிப்பார்கள். அந்த நாடகத்துக்குள் "உனக்கு என்ன விருப்பம்" என்று கேட்க ஒரு ஆள் இருக்காது.

மருத்துவம் முன்னேறுமா? முன்னேறும். இன்றைக்குக் கைவிரிக்கிற பல வருத்தங்களோடு இன்னும் சில வருசம் நடமாட வைக்கிற மருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன, விலையும் அப்படித்தான். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள், இப்போது இன்னும் கூட. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கடல் தாண்டியாகிவிட்டது. நோவு தணிக்கும் பராமரிப்புத் தேவைப்படுகிறவர்கள் உலகத்தில் வருசத்துக்கு 5 கோடி 68 லட்சம் பேர், கிடைப்பது அவர்களில் 14 சதவீதத்தினருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது பெரிய இயந்திரம் கேட்கிற வைத்தியம் இல்லை. மலிவான மாத்திரை, பழகிய தாதி, வீடு தேடி வர ஒரு வாகனம், இவ்வளவுதான்.

கேரளத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வேலை, பிறகு ஊர்ச்சனத்தையே பழக்கி வீட்டுக்கு வீடு போகிற அமைப்பாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. எங்களுக்கு அங்கே போய்ப் படிக்க வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை என்பேன். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில்தான் இன்றைக்கும் குடும்பநல மருத்துவமாது பிள்ளைத்தாச்சியைத் தேடி ஒழுங்கைக்குள் வருகிறார். பிறக்கப் போகிற பிள்ளைக்காகப் படலையைத் தட்டுகிற அரசாங்கம், சாகப் போகிற கிழவிக்காகவும் தட்டலாம். கேட்க வேண்டியது அதைத்தான். நாங்களோ இன்னொரு ஐசியு திறப்புவிழாவுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கென்று இப்போதே ஒன்று செய்யலாம். எந்த நிலையில் எதைச் செய்யுங்கள், எதைச் செய்யாதீர்கள் என்று ஒரு கொப்பியில் உங்கள் கையால் எழுதி, திகதி போட்டு, நம்புகிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அண்ணாமாருக்கும் படம் பிடித்து அனுப்புங்கள். கோபிப்பார்கள், கோபிக்கட்டும். பிறகு எந்த டொக்டர் கேட்டாலும் காட்ட ஒரு எழுத்து இருக்கும்.

மாத்திரையை அந்த ஐயாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். அம்மாவின் உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய அளவு அது. பழக்கமில்லாத வயது போன ஆளின் மூச்சை அது அடக்கிவிடும். அம்மாவின் கிளினிக் கொப்பியோடு கொண்டு போய், தந்த ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழங்கால் நோவுக்கு அவர் எலும்பு டொக்டரிடம் ஒரு நம்பர் எடுக்கட்டும்.