பதில்: சைரன்களுக்கு இறக்கையா, மீன்வாலா?

வணக்கம் தோழர். கிரேக்கப் புராணத்தில் பாட்டால் மாலுமிகளை மயக்கி அழிக்கும் சைரன்களை ஆங்கில ஓவியர் வாட்டர்ஹவுஸ் பறவை உடலோடு வரைந்திருக்கிறார், இன்னொரு ஆங்கில ஓவியர் டிரேப்பர் மீன்வாலோடு வரைந்திருக்கிறார், கருத்தரங்கில் எதைச் சரியென்று சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் தயங்காமல் காட்டுங்கள்.

கிரேக்கக் கவிஞர் ஹோமர் தன் ஒடிசி காவியத்தில் சைரன்களின் உருவத்தை வர்ணிக்கவே இல்லை, பாட்டைத்தான் சொல்கிறார். பழைய கிரேக்கக் கலைஞர்கள் பெண் தலையும் பறவை உடலுமாக வரைந்தார்கள். மீன்வால் இடைக்கால ஐரோப்பாவில் வந்து சேர்ந்தது. 1891இல் வரைந்த வாட்டர்ஹவுஸ், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கிரேக்க ஜாடி ஒன்றைப் பின்பற்றினார். அந்த ஜாடியில் காவிய நாயகன் ஒடிசியஸ், பாட்டில் மயங்கிப் போய்விடாதபடி பாய்மரத்தில் கட்டுண்டு நிற்க, ஒரு சைரன் தலைகீழாகக் கடலில் விழுகிறது. வாட்டர்ஹவுஸின் ஓவியம் இப்போது மெல்போர்னில் இருக்கிறது; அதில் பாட்டு கேட்காதபடி மாலுமிகளின் காதுகளைத் துணியால் சுற்றிக் கட்டியிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

டிரேப்பரின் 1909 ஓவியத்தில் தண்ணீரில் இருப்பவளுக்கு வால். கப்பலில் ஏறிவிட்டவர்களுக்குக் கால்கள். ஏற ஏற உருமாறுகிறார்கள். என் கணக்கில் இது அழகுக்காகச் செய்த சமரசம், வாட்டர்ஹவுஸின் பறவைகள்தான் உண்மையில் அச்சமூட்டுகின்றன.

நேரம் இருந்தால் ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் ‘கடலின் ஆழங்கள்’ ஓவியத்தையும் சேருங்கள். 1886இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைக்கப்பட்டது. கடற்கன்னி ஒருவனை அணைத்தபடி ஆழத்துக்கு இழுத்துப்போகிறாள். அவன் இறந்துவிட்டான், அது தெரியாமல், வென்றுவிட்ட பெருமிதத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த முகத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், கேள்விகள் தானாக வரும்.