கோடைக்குள் எத்தனை கிலோ குறைப்பது நியாயமான இலக்கு?

கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்குள் பத்து கிலோ குறைக்க முடியுமா என்று புதுச்சேரியில் பலர் மார்ச் பிறந்த பிறகுதான் கேட்கிறார்கள். நியாயமான இலக்கு என்றால் உடம்பு தாங்கும் வேகம்: வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. இரண்டு மாதத்தில் நான்கைந்து கிலோ இறங்கினாலே நல்ல பலன்.

ஏன் இவ்வளவு மெதுவாக? ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தாலும் அது கரைய இரண்டு வாரம் ஆகும். முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைத் தண்ணீரோடு சேர்த்து, சட்டைப்பைச் சில்லறை போல வைத்திருக்கும். கொழுப்போ வங்கியில் போட்ட வைப்புநிதி. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் செலவாவது சில்லறைதான்.

மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் திரும்பும் வழியில் இரண்டு பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போனால் அது அப்படியே திரும்பிவிடும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் காய் சேர்ப்பதும், வறுத்த மீனுக்குப் பதில் குழம்பு மீன் சாப்பிடுவதும் எளிது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், இந்தக் கடலோரப் புழுக்கத்தில் சட்டை நனைய வியர்த்தால் கொழுப்பு கரைகிறது என்று பலர் நம்புகிறார்கள். வெளியேறுவது தண்ணீரும் உப்பும்தான், தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும்.