கூடுதலாகக் கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெற முடியுமா?

இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வரியை அதிகமாகக் கட்டிவிட்டதாகவும், ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டால் போதும் என்று சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் சொல்வதாகவும், அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணம் திரும்பி வரும். ஆனால் ரீஃபண்ட் விண்ணப்பத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வராது. நான் அப்படித்தான் காத்திருந்தேன். நான் வழக்கறிஞர் அல்லன், சிறிய அளவில் இயந்திர உதிரிபாகம் இறக்குமதி செய்பவன். ஆகவே, பிரிவு எண்களை ஒப்புவிக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த எண்களைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை அதிகம்.

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வரியைக் கட்டியவரோ அதன் சுமையைத் தாங்கியவரோ, கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் திருப்பிக் கேட்கலாம். ஆட்சேபத்துடன் கட்டியிருந்தால் இந்த ஓராண்டு வரம்பு இல்லை. இதைப் படித்ததும் எல்லோருக்கும் தெம்பு வந்துவிடுகிறது. ஆனால், 2011 முதல் வரியை நாமே கணக்கிட்டுக் கட்டும் சுயமதிப்பீடு நடைமுறையில் இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சரக்கையும் வரியையும் காட்டி நாம் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பதிவும் ஒரு மதிப்பீட்டு உத்தரவுதான், அதை மாற்றாதவரை ரீஃபண்ட் கோர முடியாது என்று 2019இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதாவது, முதலில் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பணத்தைக் கேட்க வேண்டும். மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதைத் தவறவிட்டவர்களுக்கு 149ஆம் பிரிவின் கீழ் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தக் கேட்கும் வழி இருக்கிறது. சரக்கு சுங்கத்திலிருந்து வெளியேறிய நேரத்தில் ஏற்கெனவே இருந்த ஆவணத்தின் அடிப்படையில் மட்டுமே அந்தத் திருத்தம் கிடைக்கும்.

2022 ஜூலையில் கொரியாவிலிருந்து மூன்று பில் ஆஃப் என்ட்ரிகளில் எனக்குச் சரக்கு வந்தது. இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சுங்க வரியே இல்லாத பொருள் அது. அந்தச் சலுகையைக் கேட்க மறந்ததால் 7.5 சதவீதம் கட்டினோம். 41 லட்சம் மதிப்புக்கு, சமூக நலக் கூடுதல் வரியையும் சேர்த்து 3,38,250 ரூபாய். இறக்குமதிக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை நான் இதில் சேர்க்கவில்லை, அதை உள்ளீட்டு வரி வரவாக (நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக) ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தேன். நீங்களும் எடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்காதீர்கள். நவம்பரில் வேறு எதையோ தேடி ஏஜென்ட்டின் ஃபைலைப் புரட்டியபோது, பேக்கிங் லிஸ்ட்டுக்குப் பின்னால் பின் அடித்தபடி, சரக்கு கொரியாவில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் மூன்றும் அப்படியே இருந்தன. ஏஜென்ட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பில் ஆஃப் என்ட்ரியின் வரைவான செக்லிஸ்ட்டை அவர் ஒப்புதலுக்கு அனுப்பியபோது, படிக்காமலே ஓ.கே. போட்டவன் நான்.

டிசம்பரில் ரீஃபண்ட் விண்ணப்பம் கொடுத்தேன். மார்ச்சில், மதிப்பீடு மாற்றப்படவில்லை என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. மேல்முறையீட்டுக்கான 90 நாளும் அதற்கு வெகு முன்பே போய்விட்டிருந்தன. உடனே 149இன் கீழ் மனுக் கொடுத்தேன். சலுகையைத் தாக்கல் செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று அதிகாரி ஆட்சேபித்தார். சான்றிதழ்களின் தேதி சரக்கு வெளியேறிய தேதிக்கு முந்தையது என்பதையும், திருத்தத்தின் வழியாகவும் ரீஃபண்டுக்கு வரலாம் என்று 2021இல் பாம்பே உயர் நீதிமன்றம் டைமென்ஷன் டேட்டா வழக்கில் சொன்னதையும் எழுதிக் கொடுத்தேன். அக்டோபரில் திருத்தம் கிடைத்தது. எல்லா அலுவலகத்திலும் இது எடுபடும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு எடுபட்டது.

அதன் பிறகுதான், பலரும் நினைத்தே பார்க்காத தடை ஒன்று எதிரே வந்தது. வரியைச் சரக்கின் விலையில் ஏற்றி வாங்குபவரின் தலையில் கட்டியிருப்பீர்கள் என்று 28டி பிரிவு முன்கூட்டியே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. நிரூபிக்காவிட்டால், ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டாலும் பணம் நமக்கு வராமல் நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். எங்கள் கணக்காளர் முழு வரியையும் கொள்முதல் செலவில் எழுதியிருந்தார். ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, இப்படியே ஆண்டுக் கணக்கை முடித்திருந்தால், வரிச்சுமை வாங்குபவர்மேல் ஏறவில்லை என்று தன்னால் சான்றிதழ் தந்திருக்க முடியாது என்றார். நல்லவேளையாக, 2023 மார்ச் முடிவதற்குள் ஜர்னல் பதிவு போட்டு, அந்தத் தொகையைச் சுங்கத்துறையிடமிருந்து வர வேண்டியதாக மாற்றியிருந்தோம். வாடிக்கையாளரோடு முன்பே நிலையான விலை பேசிய ஒப்பந்தமும், சரக்கு வருவதற்கு முன்னும் பின்னும் ஒரே விலையில் போட்ட பில்களும் எங்களைக் காப்பாற்றின. ஆடிட்டரின் சான்றிதழைவிட அந்த பில்களைத்தான் அதிகாரி நெடுநேரம் பார்த்தார்.

2024 பிப்ரவரியில் பணம் வந்தது, வட்டி வரவில்லை. விண்ணப்பம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் பணம் தராவிட்டால் வட்டி தர வேண்டும் என்கிறது 27ஏ பிரிவு. விகிதம் ஆண்டுக்கு 6 சதவீதம். முதல் விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் பதினெட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம் வந்திருக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு கொடுத்ததுதான் முழுமையான விண்ணப்பம் என்று அவர்கள் எண்ணினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஓராண்டு வரம்பு பற்றிய கேள்வி வந்தபோது அதே முதல் விண்ணப்பத்தைத்தான் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். நாம் ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் வட்டி கேட்பவர்கள் இவர்கள். பதினெட்டாயிரத்துக்கு வழக்குப் போட எனக்குத் தெம்பில்லை.

இப்போது 2025 நிதிச் சட்டம் 18ஏ பிரிவைச் சேர்த்து, சரக்கு வெளியேறிய பின்னும் இறக்குமதியாளர் தாமாகவே பதிவைத் திருத்த வழி செய்திருக்கிறது. அப்போதும் ரீஃபண்டுக்கான ஓராண்டு, திருத்திய நாளிலிருந்து அல்ல, வரி கட்டிய நாளிலிருந்தே ஓடும். சரக்கு கூரியரில் வந்திருந்தால், பில் ஆஃப் என்ட்ரி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சலானில் உள்ள தேதியையும், அந்த வரியை உங்கள் கணக்காளர் எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறார் என்பதையும் கேள்வியில் சேர்த்தால், எந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.